பேட் கட்டிக்கொண்டு காத்திருப்பவன்

கிரிக்கெட் பேசும் கூட்டத்தில் பேச்சு வற்றிப்போகும் சமயம் பார்த்து யாராவது இதைக் கிளப்பிவிடுவார்கள்: "டெஸ்ட் வரலாற்றிலேயே பெஸ்ட் மிடில் ஆர்டர் எதுப்பா?" அவ்வளவுதான். திராவிட், டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண் என்பார் ஒருவர். பாண்டிங், வா சகோதரர்கள், மார்ட்டின், ஏழாவதாக கில்கிறிஸ்ட் என்பார் இன்னொருவர். ஆம்லா, காலிஸ், டிவில்லியர்ஸை விட்டுவிட்டுப் பேசலாமா என்று ஒருவர் கோபித்துக்கொள்வார். யூனிஸ் கான், முகமது யூசுப், இன்சமாம் மூவரும் ஒன்றாக ஆடிய ஆண்டுகளை ஒருவர் நினைவுபடுத்துவார். பழைய விஷயங்கள் தெரிந்தவர் இருந்தால் வொரெல், வீக்ஸ், வால்காட். பிறகு எல்லோரும் போனை எடுத்துச் சராசரிகளைக் கூட்ட ஆரம்பிப்பார்கள்.

எனக்கு அந்தக் கூட்டல் கணக்குதான் உறுத்துகிறது. திராவிட் 52.31, டெண்டுல்கர் 53.78, லக்ஷ்மண் 45.97, கங்குலி 42.17. இந்த நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கிறது. அது யாருடைய எண்? அந்த நால்வரில் எவருடையதும் இல்லை. நால்வரும் சேர்ந்து உண்டாக்கிய ஏதோ ஒன்றை அது சொல்கிறதா என்றால் அதுவும் இல்லை. பாடகர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டினால் கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிந்துவிடுமா?

ஆக, கேள்வி கொஞ்சம் மாறுகிறது. ஒரு ஆள் மகத்தானவராக இருக்கலாம், சரி. ஒரு வரிசை மகத்தானதாக இருக்க முடியுமா? முடியும் என்றால், அந்தப் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு? அந்த வரிசைக்கு வெளியே நின்றவர்களுக்கு அது ஏதாவது கடன்பட்டிருக்கிறதா?

1

முதலில் நடுவரிசை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

தொடக்க ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஸ்கோர் பூஜ்யம். பந்து புதிது, பௌலர் களைக்காதவர். சிரமம்தான், ஆனால் தெரிந்த சிரமம். கடைசியில் வருபவரிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. நடுவரிசைக்காரர் நிலைமை வேறு. காலையில் பேட் கட்டிக்கொண்டு பெவிலியனில் உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் எழுந்து போக வேண்டியிருக்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கவும் நேரலாம். அவர் உள்ளே போகும்போது ஸ்கோர் 10க்கு 2 ஆக இருக்கலாம், 300க்கு 2 ஆகவும் இருக்கலாம். கேள்வித்தாளைத் தயாரித்தவர்கள் வேறு யாரோ. பதில் எழுத வேண்டியது இவர்.

2006 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாப்பிரிக்கா 169க்குச் சுருண்டுவிட்டது. பதிலுக்கு இறங்கிய இலங்கை 14க்கு 2. சங்கக்கராவும் ஜெயவர்த்தனேவும் சேர்ந்தது அந்த இடத்தில்தான். அடுத்த விக்கெட் விழுந்தபோது அவர்களுடைய கூட்டு 624 ரன். டெஸ்டில் எந்த விக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய கூட்டு இன்றுவரை இல்லை. சங்கக்கரா 287, ஜெயவர்த்தனே 374. இன்று அந்த 624 மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த 14தான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பதினான்கை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது.

அறம் பற்றிய பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஓப்பனருக்காக எழுதப்பட்டவை என்று தோன்றுகிறது. 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்வியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற ஆளிடம் கேட்கின்றன. நிஜத்தில் நாம் அப்படியா தொடங்குகிறோம்? அப்பா வாங்கிவைத்த கடன், பாதி கட்டி நிற்கும் வீடு, அண்ணன் விட்டுப்போன பொறுப்பு, முந்தைய ஆள் குழப்பிவைத்த ஆபீஸ் ஃபைல். நமக்கு முன்னால் இரண்டு விக்கெட் ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. "நான் பண்ணாததுக்கு நான் ஏன் பொறுப்பு?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்டுக்கொண்டே கிரீஸுக்கு நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. நடுவரிசை ஆட்டத்தைப் பார்க்கையில் நமக்கு உண்டாகும் படபடப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2

இனி வரிசைகளுக்கு வரலாம். முதலில் பார்படோஸ்.

ஃப்ராங்க் வொரெல் 1924 ஆகஸ்டிலும், எவர்டன் வீக்ஸ் 1925 பிப்ரவரியிலும், கிளைட் வால்காட் 1926 ஜனவரியிலும் பிறந்தவர்கள். மூவருமே பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில், பதினெட்டு மாதங்களுக்குள். ஒரே மருத்துவச்சிதான் மூவருக்கும் பிரசவம் பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு. மூவரும் 1948 தொடக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிரான ஒரே தொடரில் அறிமுகமானார்கள். மூவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் 'மூன்று டபிள்யூ' என்று பெயர் நிலைத்துவிட்டது. சராசரி: வீக்ஸ் 58.61, வால்காட் 56.68, வொரெல் 49.48. கூட்டல் கணக்குக்காரர்களுக்கு இவர்களை மீறுவது கஷ்டம்.

வீக்ஸ் தொடர்ச்சியாக ஐந்து இன்னிங்ஸில் ஐந்து சதம் அடித்தவர். கடைசி நான்கும் 1948–49இல் இந்தியாவில் அடித்தவை: டெல்லியில் ஒன்று, பம்பாயில் ஒன்று, கல்கத்தாவில் இரண்டு. ஆறாவது சதத்தை நோக்கிப் போனது நம் சேப்பாக்கத்தில், 1949 ஜனவரியில். 90இல் ரன் அவுட். அந்த முடிவு சரிதானா என்ற சர்ச்சை பல வருடம் ஓடியது. ஐந்து என்ற சாதனையை இன்றும் யாரும் தாண்டவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், ரன் அவுட் என்பது இன்னொருவரோடு சேர்ந்து மட்டுமே ஆகக்கூடிய விஷயம். எத்தனை பெரிய தனிச் சாதனையும் எதிர்முனையில் நிற்பவரின் கால்களையும் நம்பித்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது 1955. ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்திருந்தது. அந்த ஒரே தொடரில் வால்காட் ஐந்து சதங்கள் அடித்தார். இரண்டு டெஸ்ட்களில் இரு இன்னிங்ஸிலும் சதம். மொத்தம் 827 ரன். தொடரின் முடிவு? ஆஸ்திரேலியா 3–0. ஒரு மனிதர் தன் வாழ்நாளின் உச்சத்தில் ஆடுகிறார், அவருடைய அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. சராசரிகளைக் கூட்டுவது வரிசையை அளக்க உதவாது என்றோம். வெற்றிகளை எண்ணுவதும் உதவாது என்று இது சொல்கிறது. விக்கெட் எடுக்க ஆள் இல்லாவிட்டால் 827 ரன்னும் ஆறுதல் பரிசுதான்.

அந்தத் தொடரில் அணித்தலைவர் யார்? ஜெஃப்ரி ஸ்டோல்மையரும் டெனிஸ் அட்கின்சனும். இருவரும் வெள்ளையர்கள். உலகின் தலைசிறந்த மூன்று பேட்ஸ்மேன்கள் அணியில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் தலைமை இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்கள் ரன் அடிக்கலாம், பந்து வீசலாம், முடிவெடுப்பது மட்டும் வேறொருவர் வேலை. 1948இல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கியிருந்தார், அவ்வளவுதான். ட்ரினிடாடில் 'தி நேஷன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், வொரெலைத் தலைவராக்கு என்று விடாமல் எழுதினார். 1960–61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் தலைவரானார். முழுத் தொடருக்கும் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை' நடந்தது. தொடரை 2–1 என்று இழந்தார்கள். இழந்தவர்களை வழியனுப்ப மெல்போர்ன் தெருக்களில் ஊரே திரண்டது.

அதற்குள் வீக்ஸ் 1958இலேயே விலகியிருந்தார். வால்காட் 1960 மார்ச்சில் கடைசி டெஸ்ட் ஆடிவிட்டார். தலைமை கைக்கு வந்தபோது வரிசை கலைந்துவிட்டது. ஆனால் வொரெலுக்குப் பிறகு ஸோபர்ஸ் தலைவரானபோது அதற்காக யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

3

இந்திய நால்வரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 2001 கொல்கத்தாவுக்குத்தான் போவார்கள். நானும் போகிறேன், ஆனால் ரன்னுக்காக இல்லை.

தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த ஆஸ்திரேலியா 445. இந்தியா 171. ஃபாலோ ஆன். 274 ரன் பின்தங்கிய நிலையில் இரண்டாவது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் ஆறாவதாக இறங்கி 59 அடித்த லக்ஷ்மணை மூன்றாவதாக அனுப்பினார்கள். வழக்கமாக மூன்றில் இறங்கும் திராவிட் ஆறுக்குப் போனார். பிறகு நடந்தது தெரிந்ததே. நான்காவது விக்கெட் 232இல் விழுந்தது, இன்னும் 42 ரன் பின்தங்கல். அங்கே திராவிட் வந்து சேர்ந்தார். நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்டும் விழவில்லை. கூட்டு 376. லக்ஷ்மண் 281, திராவிட் 180. 657க்கு 7 என்று டிக்ளேர் செய்து, ஆஸ்திரேலியாவை 212க்குச் சுருட்டி, 171 ரன்னில் வெற்றி.

இதில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது அந்த இடமாற்றத்தை. மூன்றாம் இடம் திராவிடுக்கு வெறும் எண் கிடையாது. அது அவருடைய பெயர்ப்பலகை. அதை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறார்கள், ஃபார்மில் இல்லை என்ற குத்தலோடு. மனிதர் புண்படாமலா இருந்திருப்பார்? சதம் அடித்ததும், எப்போதும் அடக்கமாக இருப்பவர், பத்திரிகையாளர்கள் இருந்த திசையை நோக்கி மட்டையை நீட்டினார். ஆகவே இதைத் தியாகம் என்று பளபளப்பாக்க வேண்டாம். கோபமும் வருத்தமும் இருக்கும்போதே ஒருவர் ஆறாவதாக இறங்கி, எதிர்முனையில் தன் இடத்தில் நின்று ஆடுபவர் இருநூறைத் தாண்டி ஓடுவதற்குக் கூடவே ஓடினார். தன்னை அழித்துக்கொள்ளாமல் தன்னை இடம் மாற்றிக்கொள்ள முடிவது, அதுதான் இங்கே நடந்தது.

ஒரு வரிசையின் மேன்மையை எதில் பார்ப்பது என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை தட்டுப்படுகிறது. ஒவ்வொருவரும் மற்றவருக்கு எதைச் சாத்தியமாக்குகிறார் என்பதில் பார்க்கலாம். 2002 ஹெடிங்லியில் திராவிட் 148, டெண்டுல்கர் 193, கங்குலி 128. ஒருவர் புதுப்பந்தின் கூர்மையை மழுக்குகிறார், அடுத்தவர் அதன் மேல் கட்டுகிறார், மூன்றாமவர் களைத்துப்போன பௌலர்களை விளாசுகிறார். அந்த 128ஐ மட்டும் பிடுங்கி எடுத்து கங்குலியின் கணக்கில் வைத்தால் அதில் பாதி அர்த்தம் கொட்டிவிடும்.

"அப்படின்னா தனி மனுஷனோட ஆசைக்கு இடமே இல்லையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2004 மார்ச், முல்தான். கங்குலிக்குக் காயம், திராவிட் தற்காலிகத் தலைவர். இந்தியா 675க்கு 5. டெண்டுல்கர் 194 நாட் அவுட். இரட்டைச் சதத்துக்கு ஆறு ரன். திராவிட் டிக்ளேர் செய்துவிட்டார். தனக்கு ஏமாற்றம்தான் என்பதை டெண்டுல்கர் மறைக்கவில்லை. இந்தியா இன்னிங்ஸும் 52 ரன்னும் என்று வென்றது. ஆட்டம் ஐந்தாம் நாளின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, ஆக அந்த ஆறு ரன்னுக்கு நேரம் இருந்ததே என்று இன்றும் வாதிடுகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு அப்படிச் சொல்வது எளிது. முடிவெடுத்த மாலையில் திராவிடுக்கு முடிவு தெரியாது.

என் அபிப்பிராயம் இது. திராவிட் செய்தது தவறில்லை. டெண்டுல்கர் வருந்தியதும் தவறில்லை. பொதுநலன் ஒன்றைக் கேட்கும்போது அதைக் கொடுத்துவிட வேண்டியிருக்கலாம். சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. குடும்பங்களில் நாம் செய்யும் அநியாயம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கோரிக்கையில்தான் இருக்கிறது. படிப்பை விட்டுக்கொடுத்த அக்காவிடம், "சந்தோஷமாத்தானே விட்டுக்கொடுத்தே?" என்று ஒப்புதலும் வாங்கிக்கொள்கிறோம்.

4

இதுவரை உள்ளே இருந்தவர்கள் கதை. இனி வெளியே.

1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ரன் கூட்டு சேர்த்தார்கள். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349, இருவரும் நாட் அவுட். அடுத்து இறங்க வேண்டியவனாகப் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் பெயர் அமோல் முஜும்தார். கடைசிவரை இறங்கவில்லை. பின்னாளில் அதுவே அவர் வாழ்க்கையின் சுருக்கம் போல ஆகிவிட்டது. பம்பாய்க்காக முதல்தர அறிமுகத்திலேயே 260 அடித்தார். ஓய்வு பெறும்போது முதல்தர ஆட்டங்களில் பதினோராயிரத்துக்கும் மேல் ரன். இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட இல்லை.

நமக்கு நெருக்கமான பெயர் சுப்ரமணியம் பத்ரிநாத். தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் வருடக்கணக்காக ரன் குவித்தவர். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்துக்கும் மேல், சராசரி 54. டெஸ்ட் வாய்ப்பு வந்தது 2010 பிப்ரவரியில், நாக்பூரில், திராவிடும் லக்ஷ்மணும் காயத்தால் இல்லாதபோது. ஸ்டெய்ன் ஏழு விக்கெட் எடுத்த அந்த இன்னிங்ஸில் பத்ரிநாத் 56 அடித்தார். அடுத்த டெஸ்ட் கொல்கத்தா, அவர் 1. அதே ஆட்டத்தில் காயம் ஆறித் திரும்பிய லக்ஷ்மண் 143 நாட் அவுட். பத்ரிநாத் அதற்குப் பிறகு டெஸ்ட் ஆடவில்லை. மொத்தம் மூன்று இன்னிங்ஸ்.

கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். சாப்பிடுபவர் மேல் அவருக்குக் கோபம் இல்லை. சாப்பிடுபவரும் எதையும் திருடவில்லை. ஆனாலும் இவர் உட்காரும்போது பாயசம் தீர்ந்துபோயிருக்கும். இதில் குற்றவாளி யார்? யாருமில்லை. குற்றவாளி இல்லாததால் இழப்பும் இல்லை என்று சொல்லிவிடலாமா?

தத்துவத்தில் இதற்கு அருகே ஒரு விவாதம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1970களில் கிளப்பியது. ஒரு மனிதரின் மதிப்பை அவர் கையில் இல்லாத விஷயங்களும் எவ்வளவு தீர்மானிக்கின்றன என்ற கேள்வி. நம்மிடம் அதற்கு 'ஊழ்' என்று ஒரு சொல் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் தோற்றவர்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். பத்ரிநாத்துக்கு ஊழ், லக்ஷ்மணுக்குத் திறமை என்கிறோம். இருவருக்கும் இரண்டும் உண்டு. லக்ஷ்மண் ஏழெட்டு வருடம் தள்ளி ஹைதராபாத்தில் பிறந்து ஒரு மகத்தான நால்வருக்குப் பின்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இடம் கிடைக்காதவங்க எல்லாரும் பாவம்னு சொன்னா அப்புறம் தகுதிக்கு என்ன அர்த்தம்?" என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது. டெஸ்ட் இடம் முதியோர் பென்ஷன் இல்லை, அன்னதானமும் இல்லை. சிறந்தவர் ஆட வேண்டும். ஆனால் அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். 2011இல் இங்கிலாந்தில் இந்தியா 4–0 தோல்வி. திராவிட் மட்டும் மூன்று சதம் அடித்தார், வால்காட்டின் 1955 போல. அடுத்த சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் மறுபடியும் 4–0. அப்போது வரிசையின் பெயர் அதன் ரன்னைவிடப் பெரிதாக இருந்தது. தகுதிதான் அளவுகோல் என்றால், உள்ளே இருப்பவர்களுக்கும் அதே அளவுகோல்தானே?

கதவு மூடியிருந்தாலும் சிலர் வாசலைச் சுற்றிப் போய் நுழைந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சேவாக் நடுவரிசை ஆட்டக்காரர். 2001இல் ப்ளூம்ஃபோன்டைனில் ஆறாவதாக இறங்கி அறிமுகச் சதம் அடித்தவர். நடுவில் இடமில்லை என்பதால் 2002இல் அவரை ஓப்பனராக்கினார்கள். அதே சேவாக்தான் முல்தானில் 309 அடித்தார். எல்லோருக்கும் இந்த வழி வாய்க்காது.

5

இனி அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. எது சிறந்த நடுவரிசை?

ரன்னையும் வெற்றியையும் தள்ளிவிட்டு இரண்டு அளவுகோல்களை வைக்கிறேன். ஒன்று, அந்த வரிசை உள்ளுக்குள் இடம் மாறிக்கொள்ளத் தெரிந்ததா? இரண்டு, பின்னால் வருபவர்களுக்கு அது என்ன விட்டுச்சென்றது? முதல் அளவுகோலில் கொல்கத்தா 2001 இருக்கும்வரை இந்திய நால்வரைத் தாண்ட முடியாது. இரண்டாவதில் மூன்று டபிள்யூ. அவர்கள் அடித்த ரன்கள் ஒரு சமூகத்தின் காத்திருப்பைக் கூட்டத்தின் முன் எடுத்துவைத்தன. வொரெலின் தலைமை அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் பார்படோஸ்காரர்களைச் சொல்வேன். இடம் பிடிப்பதைவிட இடம் உண்டாக்குவது கடினமான வேலை.

இந்திய நால்வர் அதைச் செய்யவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2010 அக்டோபர், பெங்களூரு, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். அறிமுக ஆட்டக்காரர் சேதேஷ்வர் புஜாரா முதல் இன்னிங்ஸில் 4. இரண்டாவது இன்னிங்ஸில் வெற்றிக்கு 207 தேவை. முதல் விக்கெட் விழுந்தது. எல்லோரும் திராவிடை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது படியிறங்கி வந்தது புஜாரா. 72 அடித்தார். திராவிட் ஐந்தாவதாக வந்து, டெண்டுல்கரோடு நின்று ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். தன் எண்ணை இரண்டாவது முறையாக இன்னொருவருக்குக் கொடுத்தார், இந்த முறை தனக்குப் பின்னால் வரப்போகிறவருக்கு.

முஜும்தார் கதையும் காத்திருப்பிலேயே முடிந்துவிடவில்லை. 2025இல் இந்தியப் பெண்கள் அணி உலகக்கோப்பையை முதல்முறையாக வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 தேவை. அந்தத் தொடரில் ஒரு கட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் மூன்றாவதாக இறங்கி 127 நாட் அவுட் அடித்தார். மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே அவருக்குக் கடைசி நிமிடங்களில்தான் தெரிந்தது. இதைக் காட்டி 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று கதையை முடித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலான காத்திருப்புகளுக்கு 2025 வருவதில்லை. வந்தாலும் அது வேறொருவருடைய மட்டையில் வருகிறது.

அடுத்த முறை யாராவது "பெஸ்ட் மிடில் ஆர்டர் எதுப்பா?" என்று கேட்டால் பட்டியலைச் சொல்லுங்கள், சண்டை போடுங்கள், அது நல்ல சண்டை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது பெயர்களைச் சொல்லி முடித்ததும் ஏழாவதாக ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிசை ஆடிக்கொண்டிருந்தபோது பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பெயர்.